இரும்பு ஏறுகையில் மூச்சு முட்டுவதேன்?

ஏழாம் மாதக் கருவைச் சுமக்கும் பெண்ணொருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்பது அவர் குறை. குருதியைச் சோதித்ததில் இரும்புக் குறைவால் வந்த சோகை என்று தெரிந்தது. 100 மில்லி உப்புநீரில் 200 மில்லிகிராம் இரும்பு சுக்ரோஸ் கலந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். வறக்காப்பி நிறத்து நீர் சொட்டுச் சொட்டாகச் சிரைக்குள் இறங்குகிறது. நான்காம் நிமிடத்தில் முகம் குப்பென்று சூடேறுகிறது. “நெஞ்ச அடைக்குது சிஸ்டர், மூச்சு முட்டுது” என்று முன்னால் சரிந்து உட்காருகிறார். மூச்சு வாங்குவதைத் தீர்க்க வந்த மருந்தே மூச்சை முட்ட வைக்கிறது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கருவுற்ற பெண்களுள் 52 விழுக்காட்டினர்க்குச் சோகை உண்டு. மாத்திரை வயிற்றுக்கு ஒவ்வாதவர்க்கும், பேறுகாலம் நெருங்கியும் குருதிச் செறிவு ஏறாதவர்க்கும் சிரைவழி இரும்பே கைகொடுக்கிறது. ஆகவே அந்த நான்காம் நிமிடத்தை அறிந்து வைத்திருப்பது எந்தச் சிற்றூர் மருத்துவமனைக்கும் கடமையாகிறது.

நம் உடல் இரும்பைக் கட்டவிழ்த்து உலவவிடுவதில்லை. குருதியில் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் அதைக் கைப்பிடித்தே அழைத்துச் செல்கிறது. சிரைக்குள் செலுத்தும் மருந்திலும் இரும்பு தனித்து இல்லை. நடுவே இரும்பு ஹைட்ராக்சைடு, அதைச் சுற்றிச் சர்க்கரை உறை. வேகமாக ஏற்றினால் உறையிலிருந்து கசியும் இரும்பு டிரான்ஸ்ஃபெரினின் கைக்கு அடங்காமல் போகலாம். மேலும், இந்நுண்துகள்களை அயலாகக் கண்டு குருதியின் நிரப்புப் புரதங்கள் விழித்தெழுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. பழைய ஒவ்வாமை நினைவோ, எதிர்ப்பொருளோ இதற்குத் தேவையில்லை. முதன்முறை மருந்தேற்றும்போதே இது நேர்வதன் காரணம் இதுவே எனப் பெரும்பாலான ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்விளைவின் இலேசான வடிவம் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஸ்டீவன் ஃபிஷ்பேன் பெயரால் வழங்குகிறது. முகம் சிவக்கும், நெஞ்சும் முதுகும் இறுகும், மூட்டுகளும் தசைகளும் வலிக்கும். ஆனால் மார்பில் வீசிங் எழாது, உதடும் நாவும் வீங்கா, குருதியழுத்தம் வீழாது. சொட்டை நிறுத்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். உயிர்பறிக்கும் ஒவ்வாமை அதிர்ச்சி வேறு. அதில் மூச்சுக்குழல் சுருங்கி விசில்போல் ஒலிக்கும், தோலில் தடிப்பு எழும், குரல் அடைக்கும், நாடி தளரும். அப்போது தொடைத்தசையில் அட்ரினலின் செலுத்த ஒரு நொடியும் தயங்கலாகாது.

முதல் கணத்தில் நோயாளி சொல்லும் சொல் இரண்டிலும் ஒன்றேதான். வேற்றுமையைக் காட்டுவது ஸ்டெதஸ்கோப்பும் அழுத்தமானியும், உதட்டைக் கூர்ந்து பார்க்கும் கண்ணும். இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் இலேசான விளைவைக் கண்டு பதறி, பழக்கத்தால் அவில் போன்ற பழைய தலைமுறை ஒவ்வாமை ஊசியைப் போடுவது கேட்டையே விளைவிக்கலாம். அவ்வகை மருந்துகள் உறக்கத்தைத் தரும். அழுத்தத்தைத் தாழ்த்தி நாடியை விரைவாக்கவும் கூடும். தானே தணிந்திருக்கவேண்டிய ஒன்று பேராபத்தின் தோற்றம் கொள்ளும். “இரும்பு ஆகாத உடம்பு” என்று சீட்டில் எழுதப்பட்டு, அந்தப் பெண் சோகையோடே பிள்ளை பெறச் செல்வார். அந்த ஒரு வரி எத்தனை பேறுகாலக் குருதிப்போக்கை உயிருக்கே உலையாக்குமென்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

சிரைவழி இரும்பு குறித்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு. முன்னாளில் பெரிதும் வழங்கிய, மூலக்கூறு எடை மிகுந்த இரும்பு டெக்ஸ்ட்ரானால் கொடிய அதிர்ச்சிகள் நேர்ந்தன. அவ்வகை மருந்துகள் பின்னர்ச் சந்தையைவிட்டு நீங்கின. 2015இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று, முதன்முறை மருந்தேற்றியோரில் கொடிய ஒவ்வாமை டெக்ஸ்ட்ரானுக்கு இலட்சத்தில் 68 பேர்க்கும், மற்ற இரும்பு மருந்துகளுக்கு 24 பேர்க்கும் நேர்ந்ததாகக் கணக்கிட்டது. சிறிதளவு ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் வழக்கத்தை ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் கைவிடச் சொன்னது. சோதனை அளவைத் தாங்கியவர்க்கும் பின்னர் அதிர்ச்சி வரக்கூடும். அச்சோதனைக்கு ஈடாக, ஏற்றி முடித்தபின் 30 நிமிடமேனும் நோயாளியைக் கண்பார்வையில் வைக்கப் பணித்தது.

நாட்கள் கழித்துத் தலைகாட்டும் இன்னொரு தளர்ச்சியும் உண்டு. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்னும் மருந்து, எலும்பில் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்-23 என்னும் இயக்குநீரைப் பெருக்கி, சிறுநீர்வழியே பாஸ்பேட்டை வெளியேற்றிவிடுகிறது. 2020இல் வந்த இரு ஆய்வுகளிலும் இம்மருந்து பெற்றவருள் ஏறக்குறைய நான்கில் மூவர்க்குப் பாஸ்பேட் தாழ்ந்தது. பெரும்பாலோர் அதை உணர்வதில்லை. மிகத் தாழ்ந்தால் தசைகள் வலுவிழக்கும், உதரவிதானமும் தசையே. களைப்பும் மூச்சிளைப்பும் மீண்டதென்று வருபவர்க்கு, சோகை இன்னும் தீரவில்லையென எண்ணி மேலும் இரும்பேற்றுவது தவறு. பாஸ்பேட்டை அளந்து பார்க்கவேண்டும்.

கட்டிலருகே திரும்புவோம். செவிலியர் முதலில் சொட்டின் உருளையைத் திருகி அடைத்தார். ஊசியைக் கையிலேயே விட்டுவைத்தார். “ஆஸ்துமா இருக்காம்மா? முன்னாடி எந்த மருந்தாச்சும் ஒத்துக்காம போயிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அழுத்தத்தை அளந்தார்: 110க்கு 70. மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். காற்று தடையின்றிப் போய்வந்தது. அட்ரினலின் குப்பி தட்டில் அணியமாக இருந்தது, உடைக்க வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் பெண்ணின் தோள்கள் தளர்ந்தன, தண்ணீர் கேட்டார். பதினைந்தாம் நிமிடத்தில் உருளையைச் சற்றே திறந்தார்கள். முன்னைய வேகத்தில் பாதியாக, வறக்காப்பி நிறத்து நீர் மீண்டும் சொட்டத் தொடங்கியது.