நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

தங்கையின் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது அவளுக்கே தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு பையன் எடுத்துக் கொடுத்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். அதற்கு முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. செருப்பு கழன்ற மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. நான்காம் நாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் இரவு, தூத்துக்குடியிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோன மருத்துவமனையில் அவளுக்குச் செயற்கைச் சுவாசம் வைத்தார்கள்.

நோயின் பெயர் கில்லன்-பாரே. 1916-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மூவர் இதை விவரித்து எழுதினார்கள். இருவர் பெயர்தான் நிலைத்தது. 2025 ஜனவரியில் புனேயில் பலருக்கு ஒரே சமயத்தில் வந்தபோது நாளிதழ்களில் அடிபட்ட அதே நோய்தான். வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபேக்டர் போன்ற கிருமியை எதிர்க்க உடல் ஆயுதம் செய்கிறது. அந்தக் கிருமியின் மேற்பரப்பில் உள்ள சில மூலக்கூறுகள் நம் நரம்பில் உள்ளவற்றின் சாயலில் இருப்பதால், கிருமி போன பிறகும் ஆயுதம் நரம்பின்மேல் பாய்கிறது. சிலருக்கு நரம்பைச் சுற்றிய மையலின் உறை சிதைகிறது. சிலருக்கு உள்ளிருக்கும் இழையே அறுந்துபோகிறது. மூளை நன்றாக விழித்திருக்கும். அதன் கட்டளை கைக்கும் காலுக்கும் போய்ச் சேராது. தங்கைக்கு எல்லாம் கேட்டது. பதில் சொல்ல இமை மட்டும் இருந்தது. ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை.

இம்யூனோகுளோபுலின் ஐந்து நாள் ஏற்றினார்கள். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்து வடித்த மருந்து அது. அதைக் கேட்டதும் அம்மா அந்தப் பாட்டிலைக் கும்பிட்டாள். மருந்து தொடங்கிய ஆறாம் நாள் மருத்துவர் எங்களை அழைத்துச் சொன்னார்: "இதுக்குன்னு உள்ள மருந்து முடிஞ்சுது. இனிமே மூச்சைப் பாத்துக்கிட்டு, கிருமி தொத்தாம பாத்துக்கிட்டு, நரம்பு வளர்ற வரைக்கும் காத்திருக்கணும்." அன்று சாயங்காலம் வராந்தா பெஞ்சில் செபமாலையோடு உட்கார்ந்திருந்த அத்தையும் அதையேதான் சொன்னார்: "எய்யா, ஆண்டவருக்காகக் காத்திருக்கப் பழகணும்யா. அவரு பாத்துக்கிடுவாரு."

எவ்வளவு காலம்? உறை மட்டும் சிதைந்திருந்தால் ஷ்வான் செல்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ புதிதாகச் சுற்றிவிடும். இழை அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம்தான் வளரும். தண்டுவடத்திலிருந்து பாதம் வரை சுமார் 1 மீட்டர். அன்றிரவு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன்.

காத்திருப்பு ஏன் அப்படி வாட்டுகிறது என்பதற்கு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நடந்த ஒரு சோதனை விடை வைத்திருக்கிறது. 2016-இல் வெளியானது. 45 பேரை ஒரு கணினி விளையாட்டில் உட்காரவைத்தார்கள். பாறையைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்சாரம் பாயும். வியர்வையையும் கண்பாவை விரிவதையும் அளந்தபோது தெரிந்தது இது: மின்சாரம் கட்டாயம் பாயும் என்று அறிந்தபோதைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றிருந்தபோதே அவர்கள் அதிகம் பதறினார்கள். துன்பம் நிச்சயம் என்றால் உடல் அதற்கு ஒருவாறு தயாராகிவிடுகிறது. வருமா வராதா என்பதில்தான் அது துவண்டுபோகிறது. ஐசியு வாசலில் செல்போன் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கும் மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அப்படியானால் அத்தையால் மட்டும் எப்படி முடிந்தது? பொறுமை பிறவிக்குணம், சிலருக்கு வாய்க்கும், சிலருக்கு வாய்க்காது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஜப்பானின் ஒகினாவாவில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. எலி ஒரு துளைக்குள் மூக்கை வைத்தபடி உணவு வரும்வரை காத்திருக்க வேண்டும். மூளைத்தண்டில் செரடோனின் சுரக்கும் நியூரான்களை ஒளியால் தூண்டினால் அது கூடுதல் நேரம் பொறுத்திருந்தது. இதோடு நின்றிருந்தால் பொறுமைக்கு ஒரு ரசாயனம் கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் 2018-இல் அதே குழு மேலும் ஒன்றைக் கண்டது. உணவு கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதமாக இருந்தபோதுதான் அந்தத் தூண்டல் வேலை செய்தது. 50 ஆகவோ 25 ஆகவோ இருந்தபோது பலிக்கவில்லை. வரும் என்ற நம்பிக்கை முதலில் இருக்க வேண்டும். அதன்மேல்தான் பொறுமை ஏறி நிற்கும்.

குழந்தைகளிடமும் அப்படியே. இந்த மிட்டாயை இப்போது தின்னாமல் இருந்தால் பிறகு இரண்டு தருவேன் என்னும் மார்ஷ்மெல்லோ சோதனை ஊரறிந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் அதில் ஒரு மாறுதல் செய்தார். 28 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, முதலில் நல்ல வண்ணப் பொருள்கள் தருகிறேன் என்று சொன்ன ஆள் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றவர்களிடம் இல்லை என்று கைவிரித்தார். பிறகு மிட்டாய் வைத்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள்; ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். இந்தப் பிள்ளைகளிடம் மனவலிமை குறைவு என்று யார் சொல்ல முடியும்? சொன்னவர்மேல் நம்பிக்கை போயிருந்தது, அவ்வளவுதான்.

எலியின் தீனிக்கும் கடவுளுக்கும் முடிச்சுப் போடுவது என் நோக்கமில்லை. ஆனால் அத்தையின் பொறுமை எதன்மேல் நின்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. 40 வயதில் கணவரைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். கேட்டதெல்லாம் கிடைத்ததால் வந்த நம்பிக்கை அல்ல அது. கிடைக்காத நாளிலும் ஆண்டவர் தன்னோடு இருந்தார் என்று தன் வாழ்க்கையைப் பார்த்து அவர் கண்டுகொண்டது.

ஜெபித்தால் நோய் தீருமா என்பதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் பென்சன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1802 பேர் இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவர்களில் ஒரு பகுதியினருக்காக ஜெபித்தார்கள். ஜெபம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களில், ஜெபம் பெற்றோருக்கு 52 சதவீதமும் பெறாதோருக்கு 51 சதவீதமும் சிக்கல்கள். உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிவிக்கப்பட்டவர்களுக்கோ 59. விசுவாசிகளுக்கு இது அதிர்ச்சி தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. பட்டனை அழுத்தினால் வரும் லிஃப்ட் மாதிரி கடவுளை நினைத்தவர்களுக்குத்தான் இதில் தோல்வி. அத்தை அப்படி நினைத்ததேயில்லை.

காத்திருத்தல் என்பது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் அல்ல. இந்த நோயில் இம்யூனோகுளோபுலின் முதல் இரண்டு வாரத்துக்குள் ஏறினால்தான் நல்ல பலன். காலில் தொடங்கி மேலே ஏறும் பலவீனம் தெரிந்தால் அன்றே ஓட வேண்டும். ஓடி முடித்த பிறகு வருவதுதான் காத்திருப்பு.

இருபதாவது நாளையொட்டி தங்கைக்கு நிமோனியா வந்தது. அன்றிரவு அம்மா கேட்டாள்: "மாதா நம்மள மறந்துட்டாளோ?" பெஞ்சில் இருந்த யாரும் பேசவில்லை. அத்தை கண்டிக்கவில்லை, வேத வசனம் எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. "எனக்கும் அப்பப்போ தோணும் மைனி" என்று சொல்லி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்பதைப் பிறகு படித்தேன். உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் உடனிருந்தோரும் 55 வயது கடந்த 596 நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, என்மேல் அவருக்கு அன்பில்லையோ என்று தவித்தவர்களுக்கு, மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், இறக்கும் ஆபத்து கூடியிருந்தது. அது நோயாளிகளைப் பற்றிய ஆய்வு. வாசலில் காத்திருப்பவர்களைப் பற்றியதல்ல. ஆனாலும் விசுவாசம் குறைந்தவள் என்று யாராவது அன்று அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவள் என்னவாகியிருப்பாள் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

செபமாலையைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. லூச்சானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவர் 23 பேரை லத்தீனில் மங்கள வார்த்தை செபத்தையும், வேறொரு வேளையில் ஒரு பௌத்த மந்திரத்தையும் சொல்லவைத்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆக இறங்கியது. ரத்த அழுத்தம் இயல்பாக ஏறி இறங்கும் தாளத்தோடு அது ஒத்துப்போக, அழுத்தத்தைச் சமன் செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையானது. அத்தை சொன்னது தமிழில். அளக்க யாரும் கருவி கொண்டுவரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, செபமாலையின் இரண்டாவது பத்து மணி முடிவதற்குள் என் மூச்சும் அவருடையதோடு சேர்ந்து இறங்கியது தெரியும்.

நம்பிக்கை கோயிலில் மட்டும் விளைவதல்ல. 2007-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரான்சின் 22 ஐசியுக்களில், பிழைக்க வழியில்லாத நோயாளிகளின் உறவினர்களோடு மருத்துவர்கள் திட்டமிட்டு உட்கார்ந்து பேசினார்கள். வழக்கமாக 20 நிமிடம் நடந்த பேச்சு 30 ஆயிற்று. அதைவிட முக்கியம், உறவினர்கள் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 ஆயிற்று. மூன்று மாதம் கழித்து அவர்களிடம் மன அதிர்ச்சியின் அறிகுறிகள் 69 சதவீதத்துக்குப் பதில் 45 சதவீதமாக இருந்தன. எங்கள் மருத்துவர் தினமும் பதினோரு மணிக்கு வருவேன் என்றார், வந்தார். சொல்ல ஒன்றுமில்லாத நாளிலும் வந்து "இன்னைக்கு ஒண்ணும் மாறல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நாங்கள் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருப்போம்.

நாற்பத்தேழாம் நாள் பிசியோதெரபிஸ்ட் தன் தாளில் வலது தோளுக்கு நேரே இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு 1 என்று எழுதினார். தசைவலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். தசை லேசாகத் துடித்தால் 1. கால்களுக்கு நேரே பூஜ்யம் அப்படியே இருந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"ஒண்ணுன்னா எத்தனைக்குய்யா?"

"அஞ்சுக்கு, அத்தை."

அவர் தங்கையின் தோளில் இரண்டு விரலை வைத்தார். "இன்னொரு தடவ அசைச்சுக் காட்டு தாயி." விரலுக்கு அடியில் ஏதோ துடித்தது போலிருந்தது. தங்கை ஒருமுறை இமைத்தாள். பார்வை நேரம் முடிந்துவிட்டதென்று நர்ஸ் வந்து சொல்ல, நாங்கள் வெளியே பெஞ்சுக்குப் போனோம்.