மகனின் பரீட்சைக்காக 'ஓசி' வீடு... பிரிட்டன் பிரதமர் செய்தது சரியா, தப்பா?

2024 ஜூலை 4. பிரிட்டன் பொதுத்தேர்தலில் தொழிலாளர் கட்சிக்கு அமோக வெற்றி. 14 ஆண்டு கன்சர்வேடிவ் ஆட்சி முடிவுக்கு வந்து, கெய்ர் ஸ்டார்மர் பிரதமரானார். முந்தைய ஆட்சியின் முறைகேடுகளைச் சுட்டிக்காட்டி, அரசியலைச் சுத்தம் செய்வோம் என்று சொல்லித்தான் அவர் ஓட்டு கேட்டிருந்தார்.

ஆனால் மூன்று மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் நாடு முழுக்க ஒரே பேச்சு: பிரதமர் போட்டிருக்கும் கோட்டுக்கு யார் காசு கொடுத்தது? மூக்குக் கண்ணாடி யார் வாங்கிக் கொடுத்தது? தேர்தல் நேரத்தில் அவர் குடும்பம் தங்கியிருந்த வீடு யாருடையது?

இதில் வீடு பற்றிய கேள்விக்கு ஸ்டார்மர் சொன்ன பதில்தான் எல்லோரையும் யோசிக்க வைத்தது. என் மகன் நிம்மதியாகப் பரீட்சை எழுத வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வீட்டில் தங்கினோம் என்றார் அவர். பெற்ற பிள்ளைக்காகச் செய்ததைத் தப்பு என்று சொல்ல முடியுமா? முழு விவரத்தையும் பார்க்கலாம்.

அந்த வீடு யாருடையது?

வீட்டின் சொந்தக்காரர் வாஹீத் அல்லி. தொலைக்காட்சித் துறையில் சம்பாதித்த கோடீஸ்வரர். 1998 முதல் பிரபுக்கள் சபை உறுப்பினர், தொழிலாளர் கட்சிக்காரர். 2024 தேர்தலுக்குக் கட்சிக்காக நிதி திரட்டும் பொறுப்பில் இருந்தவரும் அவர்தான். லண்டனின் மையத்தில், கோவன்ட் கார்டன் பகுதியில் இருக்கும் அந்தச் சொகுசு வீட்டின் மதிப்பு சுமார் 1.8 கோடி பவுண்டு என்று ஊடகங்கள் எழுதின.

நாடாளுமன்றப் பதிவேட்டில் ஸ்டார்மர் கொடுத்த கணக்கு இது:

* தங்கியது: 2024 மே 29 முதல் ஜூலை 13 வரை
* மதிப்பு: 20,437 பவுண்டு. அன்றைய கணக்கில் சுமார் 22 லட்சம் ரூபாய்

இது தவிர, அதே அல்லியிடம் இருந்து 16,200 பவுண்டுக்கு உடைகள், 2,485 பவுண்டுக்குக் கண்ணாடிகள். அலுவலகச் செலவுக்கு என்று முன்பு பதிவு செய்யப்பட்டிருந்த இன்னொரு 16,000 பவுண்டும் உண்மையில் உடைகளுக்குத்தான் போனது என்பது பிறகு தெரிய வந்தது. மனைவிக்கு அல்லி வாங்கிக் கொடுத்த உடைகள் பற்றிய விவரமும் தாமதமாகத்தான் பதிவேட்டில் ஏறியது.

2019 டிசம்பர் முதல் கணக்கு போட்டால், ஸ்டார்மர் வாங்கிய பரிசுகள், டிக்கெட்டுகள் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 7 ஆயிரம் பவுண்டுக்கு மேல். அந்தக் காலத்தில் வேறு எந்த எம்.பி.யும் இவ்வளவு வாங்கவில்லை.

மகனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2024 மே 22-ம் தேதி அன்றைய பிரதமர் ரிஷி சுனக் திடீரென்று தேர்தலை அறிவித்தார். அப்போது ஸ்டார்மரின் மகனுக்கு 16 வயது. ஜி.சி.எஸ்.இ. பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நம்ம ஊர் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு மாதிரியானது அது.

தேர்தல் அறிவித்ததும் வடக்கு லண்டனில் ஸ்டார்மர் வீட்டு வாசலில் பத்திரிகையாளர்களும் கேமராக்களும் குவிந்தார்கள். அதற்கு முன்பே, ஏப்ரல் மாதம், காஸா விவகாரத்துக்காகப் போராடிய ஒரு குழு அதே வாசலில் குழந்தைகளின் செருப்புகளை வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தது.

இந்தச் சூழலில் பையன் தினமும் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போய்வர வேண்டும். தொந்தரவு இல்லாமல் பரீட்சை எழுத ஏற்பாடு செய்கிறேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்ததாகவும், அந்த நேரத்தில் ஒருவர் வீடு கொடுக்க முன்வந்ததால் ஏற்றுக்கொண்டதாகவும் ஸ்டார்மர் விளக்கினார். எந்தப் பெற்றோராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது அவர் வாதம்.

இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டார்மருக்கு ஒரு மகன், ஒரு மகள். இருவரின் பெயரையும் அவர் பொதுவெளியில் சொல்வதே இல்லை. பிரசார மேடையில் பிள்ளைகளை ஏற்றிப் படம் காட்டியதும் இல்லை.

பிரிட்டனில் இந்தப் பயம் புதுசா?

இல்லை. தலைவர்களின் பிள்ளைகள் செய்தியாவது அங்கே பழைய கதை.

2006-ல், அப்போது நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுனின் கைக்குழந்தைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய் இருப்பதை 'தி சன்' பத்திரிகை செய்தியாக்கியது. அதற்குத் தாங்கள் சம்மதிக்கவே இல்லை என்று பிரவுன் பிற்பாடு சொன்னார். பத்திரிகைத் தரப்பு அதை மறுத்தது.

அதற்கு முன்பு டோனி பிளேர். எம்.எம்.ஆர். தடுப்பூசி பற்றிப் பெற்றோர்களிடம் பீதி பரவிய காலம் அது. பிரதமர் தன் குழந்தைக்கு அந்த ஊசி போட்டாரா என்று 2001 டிசம்பரில் கேள்வி எழுந்தது. அது குழந்தையின் அந்தரங்கம் என்று சொல்லி, போட்டோம் என்று வெளிப்படையாக உறுதி செய்ய பிளேர் மறுத்துவிட்டார். போட்டது உண்மைதான் என்று அவர் மனைவி 2008-ல்தான் சொன்னார்.

இதற்கெல்லாம் விதி இல்லையா என்றால், இருக்கிறது. பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தை விதிகளில் குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பெற்றோரின் புகழையோ பதவியையோ மட்டும் காரணமாக வைத்து ஒரு குழந்தையின் தனிப்பட்ட வாழ்க்கையை வெளியிடக் கூடாது என்கிறது அது. ஆனால் இந்த விதி பத்திரிகையில் என்ன அச்சாகிறது என்பதைத்தான் கட்டுப்படுத்தும். வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கலைக்காது.

சரி, பரிசு வாங்குவது சட்டப்படி குற்றமா?

பிரிட்டனில் எம்.பி.க்கள் பரிசு வாங்கத் தடை இல்லை. ஆனால் மறைக்கக் கூடாது. ஒரே ஆளிடம் இருந்து 300 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள பரிசோ விருந்தோ கிடைத்தால், கொடுத்தவர் யார், மதிப்பு எவ்வளவு என்பதை 28 நாளுக்குள் நாடாளுமன்றப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அது இணையத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அமைச்சர்களுக்குத் தனி விதி. பதவி நிமித்தமாக வரும் பரிசு 140 பவுண்டுக்கு மேல் போனால் அதை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டு விஷயத்தில் ஸ்டார்மர் பதிவேட்டில் எழுதினார். விதி மீறல் இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு பிரச்னை?

கோபத்துக்கு மூன்று காரணங்கள்

முதல் காரணம், நேரம். பல லட்சம் முதியவர்களுக்கு வந்துகொண்டிருந்த குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை அதே செப்டம்பரில்தான் அரசு நிறுத்தியது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 முதல் 300 பவுண்டு வரை கிடைத்த தொகை அது. சுமார் 1 கோடி பேர் அதை இழப்பார்கள் என்று கணக்கிடப்பட்டது. கஜானாவில் காசு இல்லை, எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றது அரசு. சொன்ன வாய்க்கு மேலே இருந்த கண்ணாடி ஓசியில் வந்தது என்றால் ஜனங்களுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

இரண்டாவது, தேதி. ஜி.சி.எஸ்.இ. பரீட்சைகள் ஜூன் மாதத்திலேயே முடிந்துவிடும். ஆனால் பதிவேட்டில் இருப்பதோ ஜூலை 13. பரீட்சைக்காக என்றால் அதன் பிறகு ஏன் தங்கினார்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள்.

மூன்றாவது, கொடுத்தவர். தேர்தலுக்குப் பிறகு, அரசுப் பதவி எதுவும் இல்லாத அல்லிக்குப் பிரதமர் அலுவலகத்துக்குள் போய்வரத் தற்காலிக அனுமதி அட்டை கிடைத்திருந்தது. கைம்மாறாக எதுவும் செய்யப்பட்டதாக ஆதாரம் வெளிவரவில்லை. ஆனால் பிள்ளைக்குக் கஷ்டம் வந்த நேரத்தில் உதவிய மனிதர், நாளைக்கு ஒரு விஷயமாக வந்து நின்றால் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல வருமா? பரிசு விதிகள் இருப்பதே இந்தச் சங்கடத்துக்காகத்தான். லஞ்சம் கொடுத்தால் காரியம் கேட்பார்கள். பரிசு அப்படி இல்லை. அது நன்றிக்கடனை மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

கட்சிக்குள்ளேயே புகைச்சல் கிளம்பியது. பரிசு விவகாரத்தைக் கடுமையாகச் சாடிவிட்டு, செப்டம்பர் 28-ம் தேதி எம்.பி. ரோஸி டஃபீல்ட் கட்சியை விட்டே வெளியேறினார்.

கனடாவிலும் இதே கதை

2016 கிறிஸ்துமஸ் விடுமுறை. கனடா பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ, மனைவி, பிள்ளைகளோடு பஹாமாஸில் ஒரு தனியார் தீவுக்குப் போனார். தீவின் சொந்தக்காரர் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான். அவருடைய அறக்கட்டளைக்குக் கனடா அரசு நிதி கொடுத்துவந்தது.

ஆகா கான் எங்கள் குடும்ப நண்பர், இது குடும்பச் சுற்றுலா என்றார் ட்ரூடோ. நெறிமுறை ஆணையர் மேரி டாசன் விசாரித்தார். நட்பு என்ற விலக்கு இதற்குப் பொருந்தாது, பிரதமர் சட்டத்தை மீறியிருக்கிறார் என்று 2017 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். ட்ரூடோ மன்னிப்புக் கேட்டார்.

குடும்பத்துக்காக வாங்கியது என்பதால் பரிசு பரிசு இல்லாமல் போய்விடாது. இரண்டு நாடுகளின் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன.

அப்படியென்றால் அவர் என்னதான் செய்திருக்க வேண்டும்?

விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பிரிட்டனில் பிரதமருக்கு டவுனிங் தெருவில் வீடு, ஊருக்கு வெளியே செக்கர்ஸ் மாளிகை எல்லாம் உண்டு. எதிர்க்கட்சித் தலைவருக்கு அலுவலகச் செலவுக்குப் பொதுப்பணம் கிடைக்கும். ஆனால் அரசு வீடு கிடையாது. இதே கனடாவில், ஒட்டாவா நகரின் 'ஸ்டார்னவே' என்ற வீடு எதிர்க்கட்சித் தலைவருக்கென்றே இருக்கிறது.

ஆக, ஸ்டார்மர் முன்னால் இருந்த வழிகள் மூன்று. வீட்டிலேயே இருந்து பையனைக் கூட்டத்துக்கு நடுவே அனுப்புவது. சொந்தக் காசில் வேறு வீடு பிடிப்பது. பணக்கார நண்பரின் சாவியை வாங்கிக்கொள்வது. அவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். நல்ல சம்பளம் வாங்கும் ஒருவர் இரண்டாவதைச் செய்திருக்கலாமே என்பதுதான் விமர்சகர்களின் கேள்வி.

பிரதமர் பதவிக்குப் போட்டியிடுபவரின் பிள்ளைக்குப் பாதுகாப்பும் தனிமையும் உண்மையிலேயே தேவை என்றால், அதை ஏற்பாடு செய்வது யார் வேலை? அரசு செய்தால் கணக்கு மக்களுக்குத் தெரியும், யாருக்கும் நன்றிக்கடன் இல்லை. நண்பர் செய்தால் அரசுக்குக் காசு மிச்சம், ஆனால் கடன் மனதில் நிற்கும். பணக்கார நண்பர் இல்லாத தலைவரின் பிள்ளை என்ன செய்யும் என்பதற்கும் பதில் இல்லை.

இன்னொரு வேதனையும் உண்டு. மகனைச் செய்தியில் இருந்து மறைக்க எடுத்த வீடு, கடைசியில் அந்த மகனையே தலைப்புச் செய்தியாக்கியது. வயது, பரீட்சை, தங்கிய தேதி எல்லாம் டிவி விவாதப் பொருளாயின. பரிசு என்றால் கணக்கு சொல்லியாக வேண்டும். கணக்கு சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும். சொந்தக் காசில் தங்கியிருந்தால் பையனின் பேச்சே வந்திருக்காது.

அப்புறம் என்ன ஆச்சு?

* ஸ்டார்மர், துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னர், நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் மூவரும் இனி உடைகளை நன்கொடையாக வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள்.

* அக்டோபர் தொடக்கத்தில் ஸ்டார்மர் 6,000 பவுண்டுக்கு மேல் திருப்பிக் கட்டினார். டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிக்கான 6 டிக்கெட், குதிரைப் பந்தயத்துக்கான 4 டிக்கெட், மனைவியின் வாடகை உடை ஆகியவற்றுக்கான தொகை அது. எல்லாம் பிரதமரான பிறகு வாங்கியவை. பரீட்சைக் கால வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

* 2024 நவம்பரில் அமைச்சர்களுக்கான புதிய நடத்தை விதிகள் வந்தன. அமைச்சர்கள் வாங்கும் பரிசு, விருந்து விவரங்கள் முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும். இனி மாதாமாதம் வெளியிட வேண்டும். பரிசை ஏற்கும் முன், மக்களின் நம்பிக்கை என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது.

எதிர்க்கட்சித் தலைவரின் வீட்டுப் பிரச்னைக்கு மட்டும் இந்த விதிகளில் தீர்வு எதுவும் இல்லை. அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும்போதும் ஏதோ ஒரு வேட்பாளர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். வாசலில் கேமராக்களும் இருக்கும்.