கீமோதெரபிக்கு அடங்காத மார்பகப் புற்றுநோய்: வைரஸ் சிகிச்சை எந்த அளவுக்கு முன்னேறியுள்ளது?

மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கீமோதெரபி மருந்துகள் தொடக்கத்தில் கட்டியைச் சுருக்கினாலும், சில நோயாளிகளிடம் நாளடைவில் பலனளிப்பதில்லை. மருந்தை எதிர்க்கும் திறன் பெற்ற இத்தகைய புற்றணுக்களை வைரஸ்களைக் கொண்டு அழிக்கும் முயற்சி, ஆய்வகத்தைக் கடந்து நோயாளிகளிடம் பரிசோதிக்கும் நிலையை எட்டியுள்ளது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். ஹார்மோன் சிகிச்சைக்கும் ஹெர்-2 எதிர்ப்பு மருந்துகளுக்கும் கட்டுப்படாத 'டிரிபிள் நெகட்டிவ்' வகை, மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களிடம் அதிக விகிதத்தில் காணப்படுகிறது. இவர்களுக்குக் கீமோதெரபியே சிகிச்சையின் அடிப்படை. அது பயனற்றுப் போனால், எஞ்சும் வழிகள் மிகக் குறைவு.

மருந்து ஏன் தோற்கிறது?

புற்றணுவின் சவ்வில் உள்ள பி-கிளைகோபுரோட்டீன் போன்ற புரதங்கள், உள்ளே நுழைந்த மருந்தை பம்பு போல வெளியே இறைத்துவிடுகின்றன. சில அணுக்கள், மருந்தால் சிதைந்த டிஎன்ஏ-வைச் சீர்செய்துகொள்கின்றன. வேறு சில, சேதமுற்ற அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயற்கை ஏற்பாட்டை முடக்கிவிடுகின்றன.

மருந்தை வெளியேற்றும் பம்பினால் வைரஸை வெளியேற்ற இயலாது. அணுவுக்குள் புகும் வைரஸ், அங்குள்ள வளங்களைக் கொண்டே பெருகி, இறுதியில் அணுவை வெடிக்கச் செய்து அண்டை அணுக்களுக்குப் பரவுகிறது. நலமான அணுக்கள் இன்டர்ஃபெரான் என்ற தற்காப்பு ஏற்பாட்டின் மூலம் வைரஸைத் தடுக்கின்றன. பல புற்றணுக்களிடம் இந்தத் தற்காப்பு பழுதடைந்திருப்பதால், அவையே வைரஸுக்கு எளிதில் இரையாகின்றன. அணு வெடிக்கும்போது வெளிப்படும் புற்றுநோய்ப் புரதங்களை நோயெதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு தாக்கத் தொடங்குவது மற்றொரு விளைவு. நேரடி அழிப்பைவிட இதுவே முக்கியமானது எனக் கருதும் ஆய்வாளர்கள் பலர்.

பரிசோதனைகள் கூறுவது என்ன?

வாய்ப்புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை மரபணு மாற்றம் செய்து உருவாக்கிய 'டி-வெக்' மருந்துக்கு, மெலனோமா எனும் தோல் புற்றுநோய்க்காக அமெரிக்கா 2015-இல் ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவின் மொஃபிட் புற்றுநோய் மையம் இம்மருந்தை டிரிபிள் நெகட்டிவ் வகை நோயாளிகள் 37 பேருக்கு, அறுவை சிகிச்சைக்கு முன் கீமோதெரபியுடன் சேர்த்து, கட்டியிலேயே ஊசி மூலம் செலுத்தியது. அறுவையின்போது 45.9 விழுக்காட்டினரிடம் புற்றுநோயின் எச்சம் காணப்படவில்லை என்று 2023-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஆய்வு முடிவு வெளியானது.

இந்த எண்ணை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். வைரஸின்றிக் கீமோதெரபி மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழு இப்பரிசோதனையில் இல்லை. பங்கேற்றவர்களும் கீமோதெரபி ஏற்கெனவே பலனளிக்காமல் போனவர்கள் அல்லர். எனவே, மருந்து எதிர்ப்பை வைரஸ் முறியடித்ததற்கு இது சான்றாகாது.

நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய 74 பெண்களிடம் கனடாவில் நடந்த பரிசோதனையில், பாக்லிடாக்சல் மருந்துடன் ரியோவைரஸ் சிலருக்கு இரத்தநாளம் வழியே செலுத்தப்பட்டது. நோய் முற்றாதிருந்த காலம் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், வைரஸ் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 17.4 மாதங்களாகவும், பெறாதவர்களுக்கு 10.4 மாதங்களாகவும் இருந்தது. ஆயுள் நீண்டதற்கு நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பெரிய பரிசோதனையே அதை உறுதிசெய்ய முடியும்.

அதே நோயெதிர்ப்பு மண்டலம் தடையாகவும் அமைகிறது. இரத்தத்தில் செலுத்தப்படும் வைரஸை, கட்டியை அடையுமுன்பே எதிர்ப்புப் புரதங்கள் அழித்துவிடக்கூடும். மார்பகக் கட்டியை ஊசியால் எளிதில் எட்ட முடிவது இவ்வகையில் ஒரு சாதகம். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் அந்தச் சாதகமும் குறைகிறது. டி-வெக் மருந்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 70 முதல் 90 டிகிரி செல்சியஸ் குளிரில் பாதுகாக்க வேண்டியிருப்பது, இந்திய மருத்துவமனைகள் பலவற்றுக்கு எளிதான காரியமல்ல.

மார்பகப் புற்றுநோய்க்கான வைரஸ் சிகிச்சை எதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. எனவே, இதை நம்பிக் கீமோதெரபியை ஒத்திவைப்பதோ நிறுத்துவதோ ஆபத்தானது. இத்தகைய பரிசோதனையில் சேர அழைப்பு வந்தால், அது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா என்பவற்றை நோயாளிகள் கேட்டறியலாம். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்வையிட முடியும்.