நாற்பத்தெட்டு கிலோபைட்டில் ஒரு மாளிகை

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். தேநீர்க் கோப்பை, பொம்மை, மின்சாரப் பெட்டியில் பொருத்தும் ஃப்யூஸ் கேரியர் என்று பலவகைப் பொருள்கள் அங்கே உருவாகின்றன. பொம்மை செய்பவர் ஒவ்வொரு பொம்மையையும் புதிதாக வடிப்பதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுகிறார். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் களிமண் படிகிறது. மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை தயார். அச்சு ஒன்று, பொம்மைகளோ பல.

இந்த எளிய உத்தியைக் கொண்டே ஒரு காலத்தில் வீட்டுக் கணிப்பொறிகளுக்குள் பெரிய மாளிகைகளைக் கட்டினார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அது எப்படி என்று பார்ப்போம்.

தொலைக்காட்சியோடு இணைந்த கணிப்பொறி

1982-ஆம் ஆண்டு பிரிட்டனில் சின்கிளேர் நிறுவனம் ‘இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்’ என்ற சிறிய கணிப்பொறியை வெளியிட்டது. விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறி முழுவதும் அடங்கிவிடும். திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி; நிரலைச் சேமிக்கச் சாதாரண டேப் ரிக்கார்டர். அதன் மூளை இசட்-80 என்னும் சில்லு. கூட்டவும் கழிக்கவும் அதற்குத் தெரியும். பெருக்குவதற்கென்று தனிக் கட்டளை கிடையாது. நிரல்களும் தகவல்களும் தங்குவதற்கு அதன் உயர்ந்த வகையில் 48 கிலோபைட் நினைவகம் இருந்தது.

இந்தியாவிலும் அக்காலத்தில் இத்தகைய கணிப்பொறிகள் அறிமுகமாயின. 1984-இல் ‘கிளாஸ்’ என்ற திட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்கு ‘பிபிசி மைக்ரோ’ கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. 1986-இல் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் ஸ்பெக்ட்ரத்தை இங்கு விற்றது.

விளையாட்டு ஒன்றைத் தொடங்குவதே ஒரு பொறுமைச் சோதனை. ஒலிநாடாவைச் செருகி ஓடவிட்டால் கீச்சென்ற இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல்தான் நிரல்! 0 என்பதற்குக் குறுகிய துடிப்பு. 1 என்பதற்கு அதைப்போல் இரு மடங்கு நீண்ட துடிப்பு. நொடிக்குச் சுமார் 1,500 பிட் வீதம் உள்ளே செல்லும். நினைவகம் நிறைய ஏறத்தாழ நாலரை நிமிடம் ஆகும். இடையில் நாடா சற்றுப் பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இடமில்லாத மாளிகை

ஸ்பெக்ட்ரத்தில் புகழ்பெற்ற விளையாட்டுகளுள் ஒன்று ‘ஜெட் செட் வில்லி’. மேத்யூ ஸ்மித் என்ற இளைஞர் எழுதியது; 1984-இல் வெளிவந்தது. வில்லி ஒரு சுரங்கத் தொழிலாளி. திடீர்ச் செல்வம் வந்து பெரிய மாளிகை வாங்கிவிட்டான். விருந்து முடிந்தபின் மாளிகையெங்கும் சிதறிக் கிடக்கும் 83 பொருள்களையும் பொறுக்கி எடுத்தால்தான் வேலைக்காரி மரியா அவனைப் படுக்க விடுவாள். மேடைக்கு மேடை தாவியும், படிகளில் ஏறியும், நடமாடும் பகைவர்களிடம் அகப்படாமலும் அவன் 60 அறைகளைச் சுற்றிவர வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். அறையின் படம் திரையில் மூன்றில் இரண்டு பங்கை அடைக்கிறது. அந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாகவும் வண்ணத்தோடும் சேமிக்க 4,608 பைட் வேண்டும். 60 அறைகளுக்கு 2,76,480 பைட்! கணிப்பொறியில் இருப்பதோ 49,152 பைட். ஐந்தரை மடங்குக்கும் மேல் இடம் பற்றாது. பிறகு எப்படி அந்த மாளிகை உள்ளே நுழைந்தது?

எட்டுக்கு எட்டு ஓடு

இங்கேதான் நம் பொம்மை அச்சு உதவிக்கு வருகிறது. நிரலாளர் அறையை முழுப் படமாக வைக்கவில்லை. சிறு சதுர ஓடுகள் பதித்த தளமாக வைத்தார். ஒவ்வோர் ஓடும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. ஒரு வரிசையில் எட்டுப் புள்ளிகள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ஓர் ஓட்டின் உருவத்துக்கு 8 பைட், வண்ணத்துக்கு 1 பைட், ஆக 9 பைட் போதும்.

நீங்களே ஓர் ஓடு செய்து பார்க்கலாம். கட்டம் போட்ட தாளில் எட்டு வரிசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. கறுப்பாக்கிய கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்குரிய எண் கிடைக்கும். 0, 252, 255, 253, 253, 254, 120, 0 என்ற எட்டு எண்களுக்கு உரிய கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். கைப்பிடியோடு ஒரு தேநீர்க் கோப்பை தோன்றும்!

அறையின் பரப்பு 32 நிரல், 16 வரிசை. ஆக 512 ஓடுகள். வெற்றிடம், மேடை, சுவர், தொட்டால் உயிர்போகும் ஆபத்து என்று நான்கே வகை. நான்கில் ஒன்றைச் சுட்ட இரண்டு பிட் போதும். 512 ஓடுகளுக்கு 1,024 பிட். அதாவது 128 பைட்தான்.

அறையின் பெயருக்கு 32 பைட். ஓட்டு வகைகள் நான்கோடு படிக்கட்டும் நகரும் தளமும் சேர்ந்தால் ஆறு உருவங்கள். அவற்றுக்கு 54 பைட். எஞ்சிய 42 பைட்டில் படிக்கட்டு எங்கே, நான்கு பக்கமும் அடுத்த அறை எது, எந்தப் பகைவன் எங்கிருந்து புறப்படுவான் என்ற விவரங்கள் எல்லாம் அடங்கிவிட்டன. கூட்டிப் பாருங்கள்: ஓர் அறைக்குச் சரியாக 256 பைட். 60 அறைகளுக்கு 15 கிலோபைட். மீதி இடம் நிரலுக்கும், பகைவர் உருவங்களுக்கும், திரைக்கும் கிடைத்தது.

இதே ஸ்மித் 1983-இல் எழுதிய ‘மானிக் மைனர்’ விளையாட்டில் ஓர் அறைக்கு 1,024 பைட் செலவாயிற்று. 20 அறைகளுக்கு 20 கிலோபைட். அடுத்த ஆண்டே மும்மடங்கு அறைகளை முக்கால் பங்கு இடத்தில் அடக்கினார். கணிப்பொறி மாறவில்லை, சிந்தனைதான் மாறியது.

தாவலில் ஓர் இயற்பியல்

வில்லி தாவுவதைக் கவனித்தால் நியூட்டன் நினைவுக்கு வருவார். தாவல் 18 படிகளில் முடிகிறது. முதல் இரண்டு படிகளில் நான்கு நான்கு புள்ளி மேலே. பின் மும்மூன்று, இரண்டிரண்டு, ஒவ்வொன்று. உச்சியில் இரண்டு படி அசைவில்லை. பிறகு அதே ஒழுங்கில் கீழே. மேலே சென்ற மொத்த உயரம் 20 புள்ளி. மேலே எறிந்த பந்தின் வேகம் புவியீர்ப்பால் சீராகக் குறைவது போலவே இதுவும். பெருக்கத் தெரியாத சில்லு, வெறும் கூட்டலைக் கொண்டே புவியீர்ப்பை நடித்துக் காட்டிவிட்டது!

ஓர் அம்பு செய்த அழிவு

சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. நினைவகத்தில் திரைக்கான இடமும், அறைகளின் விவரங்களும், நிரலும் சுவரில்லாத வீடுகள் போல அடுத்தடுத்து இருந்தன. ‘அட்டிக்’ எனப்படும் மேல்மாடி அறையில் ஓர் அம்பு பறக்கும். அதன் இடத்தைக் குறிக்கும் எண்ணில் ஒரு பிழை. அம்பு திரைக்குரிய எல்லையைத் தாண்டி, மற்ற அறைகளின் விவரங்கள் மீதே தன்னை வரைந்துகொண்டது. அந்த அறைக்குள் ஒரு முறை நுழைந்தால் போதும். வேறு சில அறைகள் கெட்டுப் போகும். நுழைந்தவுடன் வில்லி மடிவான். ஒலிநாடாவிலிருந்து மறுபடி ஏற்றும் வரை இந்தக் கேடு நீங்காது.

வெளியிட்ட நிறுவனம், அந்த அறைகளில் நச்சு வாயு பரவியிருப்பதாக முதலில் சமாதானம் சொல்லியது. வேறு சில பிழைகளும் சேர்ந்துகொண்டதால் விளையாட்டை யாராலும் முடிக்கவே இயலாது என்பதே உண்மை. முதலில் முடிப்பவருக்கு அறிவித்த பரிசை வென்ற இருவர், நினைவகத்தைத் துருவி ஆராய்ந்து குற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எண்ணை எழுதும் ‘போக்’ என்ற கட்டளையால் சில எண்களை மாற்றினார்கள். மாளிகை பிழைத்தது.

இன்று பழைய ஒலிநாடாக்கள் நலிந்து வருகின்றன. ஆயினும் ‘எமுலேட்டர்’ எனப்படும் நிரல்கள் இன்றைய கணிப்பொறியையே அன்றைய ஸ்பெக்ட்ரமாக நடிக்க வைக்கின்றன; அந்த விளையாட்டுகளை இப்போதும் ஆடலாம். ஓடு பதிக்கும் முறையும் மறைந்துவிடவில்லை. தட்டைப் படங்களால் ஆன விளையாட்டுகள் பலவற்றில் இன்றும் அதுவே அடிப்படை.

விருத்தாசலத்துப் பொம்மைக்காரருக்குத் தெரியும்: அச்சு நன்றாக இருந்தால் நூறு பொம்மையும் நன்றாக வரும், அச்சில் ஒரு கீறல் விழுந்தால் நூறு பொம்மையிலும் அது தெரியும். நிரல் எழுதப் புறப்படும் மாணவர்கள் இவ்விரண்டையும் நினைவில் கொண்டால் நலம். கட்டத்தாளும் பென்சிலும் எடுங்கள்; உங்கள் முதல் ஓட்டை இன்றே வரையுங்கள்.