வலிக்கவில்லை என்று ஹேர்னியாவை விட்டுவைக்கலாமா?

மட்டக்களப்பு வாவியில் தோணி தள்ளுவோர், வலை இழுப்போர் சிலருக்குப் பாரம் தூக்கும்போது கவட்டில் வீக்கம் தெரியும், படுத்தால் மறைந்துவிடும். வெட்கத்திலும், தொழில் கெடுமென்ற பயத்திலும் வருடக்கணக்கில் மறைப்பவர்கள் உண்டு.

இது ஹேர்னியா எனப்படும் குடலிறக்கம். வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தால் குடல் பிதுங்குகிறது. மாத்திரையோ இடுப்புப் பட்டியோ அந்த இடைவெளியை மூடாது.

அமெரிக்க வைத்தியர் லிச்சன்ஸ்டைன் 1980களில் பரவலாக்கிய சத்திரசிகிச்சையில், குடலை உள்ளே தள்ளி, பலவீனமான இடத்தின்மேல் செயற்கை வலையை வைத்துத் தைப்பார்கள். தசையை இழுத்துத் தைக்கும் பழைய முறையைவிட, வீக்கம் திரும்ப வருவது இதில் குறைவு.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். வீக்கம் உள்ளே போகாமல் வலித்து, வாந்தியும் வந்தால் குடல் நெரிபட்டிருக்கலாம். சில மணித்தியாலங்களில் அது அழுகக்கூடும். இரவானாலும் விடியும்வரை காத்திராமல், உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.