அஞ்சு ஸ்டாரும் எல்லாருக்கும்: ரேட்டிங் ஃபார்மை சரியா கட்டுறது எப்படி?

சாப்பாடு டெலிவரி ஆனா ரேட்டிங், கேப்ல இருந்து இறங்கினா ரேட்டிங், ஏசி சர்வீஸ் பண்ண வந்தவர் கிளம்பினா ரேட்டிங். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டாரைத் தட்டுறோம்னு நமக்கே கணக்கு கிடையாது. இன்னைக்கு அந்த அஞ்சு ஸ்டாரைத்தான் பிரிச்சு மேயப்போறோம். பார்க்க ரொம்ப சிம்பிளா இருக்குற இந்த ஃபார்ம், பார்வை இல்லாத ஒருத்தருக்கோ, கை நடுக்கத்தால மவுஸ் பிடிக்க முடியாத ஒருத்தருக்கோ, பல வெப்சைட்ல பூட்டின கதவாத்தான் இருக்கு.

சிக்கல் எங்க ஆரம்பிக்குது?

வழக்கமா நடக்குறது இதுதான். அஞ்சு டிவ், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டார், கிளிக் பண்ணா மஞ்சளா மாத்த கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். கண்ணுக்கு அழகா இருக்கும். ஆனா பிரவுசரைப் பொறுத்தவரை டிவ் என்பது வெறும் பெட்டி. டேப் கீயைத் தட்டினா ஃபோகஸ் அதுல நிக்காம தாண்டிப் போயிடும். என்விடிஏ, டாக்பேக், வாய்ஸ்ஓவர் மாதிரியான ஸ்கிரீன் ரீடர்களுக்கு அது பட்டனா, சும்மா அலங்காரமான்னே தெரியாது. ஸ்டாரை எழுத்துக் குறியா போட்டிருந்தா, “பிளாக் ஸ்டார், பிளாக் ஸ்டார்”னு வாசிச்சுட்டுப் போகலாம். எது எத்தனை மார்க், இப்போ எது தேர்வாகியிருக்கு, எதுவும் புரியாது.

பதில் பழசுதான்: ரேடியோ பட்டன்

யோசிச்சுப் பாருங்க. ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஏதாவது ஒண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கணும். எச்டிஎம்எல்ல ரேடியோ பட்டன் இருக்குறதே இதுக்குத்தான். ஒரே பெயர்ல அஞ்சு ரேடியோ இன்புட் வைங்க. “1 ஸ்டார், ரொம்ப மோசம்” தொடங்கி “5 ஸ்டார், அருமை” வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் லேபிள் கொடுங்க. எல்லாத்தையும் ஒரு ஃபீல்ட்செட்டுக்குள்ள போட்டு, லெஜண்ட்ல கேள்வியை எழுதுங்க: “இந்தப் பயணம் எப்படி இருந்தது?”

இவ்வளவு செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. டேப் தட்டினா ஃபோகஸ் உள்ள வரும், ஏரோ கீயால ஸ்டாரை மாத்தலாம். ஸ்கிரீன் ரீடர் கேள்வியையும் வாசிக்கும், அஞ்சுல இது எத்தனாவதுன்னும் சொல்லும். இது வரைக்கும் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட எழுதல. லேபிள் தமிழ்ல இருந்தா, லாங் அட்ரிபியூட்ல தமிழ்னு குறிச்சிடுங்க. இல்லேன்னா ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கத் திணறும்.

அழகு பண்ணும்போது விழுற குழி

ரேடியோ வட்டத்தை மறைச்சிட்டு ஸ்டாரைக் காட்டணும், சரி. அதுக்காக டிஸ்ப்ளே நன் போட்டா, இன்புட் கண்ணுல இருந்து மட்டும் மறையாது. கீபோர்டுக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் சேர்த்தே காணாம போயிடும். அதுக்குப் பதிலா ஓபாசிட்டியை 0 ஆக்கி, இன்புட்டை ஸ்டார் மேலயே அதே அளவுல உட்கார வைங்க. ஃபோகஸ் வரும்போது ஸ்டாரைச் சுத்தி தடிமனா ஒரு கோடு தெரியட்டும்.

இன்னொரு பழைய தந்திரமும் இருக்கு. முன்னாடி இருக்குற எலமெண்ட்டை சிஎஸ்எஸ்ஸால அப்போ பிடிக்க முடியாததால, 5, 4, 3, 2, 1னு தலைகீழா எழுதி, திரையில மட்டும் திருப்பிக் காட்டுவாங்க. கண்ணுக்கு சரியா தெரியும். ஆனா வலது ஏரோவைத் தட்டினா ஸ்டார் கூடுறதுக்குப் பதிலா குறையும்! 2023 டிசம்பர்ல ஃபயர்பாக்ஸும் சேர்ந்த பிறகு, ‘ஹேஸ்’ செலக்டர் எல்லாப் பெரிய பிரவுசர்லயும் வேலை செய்யுது. இனிமே 1, 2, 3னு நேராவே எழுதலாம்.

நிறமும் அளவும்

டபிள்யூசிஏஜி என்பது வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்துறதுக்கான சர்வதேச வழிகாட்டி. 2018-ல வந்த அதோட 2.1 பதிப்பு, இப்படிப்பட்ட குறிகளுக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 3:1 கான்ட்ராஸ்ட் கேட்குது. வெள்ளை மேல வெளிர் மஞ்சள் ஸ்டார் இதுல ஃபெயில். நிறத்தை மட்டும் நம்பாதீங்க: தேர்வானது நிரம்பின ஸ்டார், ஆகாதது வெறும் கோடு. 2023 அக்டோபர்ல வந்த 2.2 பதிப்பு, தொடுற இடம் 24-க்கு 24 பிக்சலாவது இருக்கணும், இல்லேன்னா சுத்தி போதுமான இடைவெளி வேணும்னு சொல்லுது. கை நடுங்குறவருக்கு இன்னும் பெருசா கொடுத்தாலும் தப்பில்ல.

தட்டின உடனே அனுப்பாதீங்க

இதுதான் ரொம்ப முக்கியம். ஸ்டாரைத் தொட்டதுமே ஃபார்ம் தானா போயிடுற மாதிரி சிலர் வைப்பாங்க. கீபோர்டு பயன்படுத்துறவருக்கு என்ன ஆகும்? ஃபோகஸ் முதல் ஸ்டார்ல இருக்கு, அவர் அஞ்சு கொடுக்க நினைக்கிறார். ஏரோவை ஒரு தடவை தட்டினதும் ரெண்டாவது ஸ்டார் தேர்வாகுது, ஃபார்ம் கிளம்பிடுது. நல்லா ஓட்டின டிரைவருக்கு ரெண்டு ஸ்டார்! கொடுத்தவருக்கு விஷயமே தெரியாது, வாங்கினவருக்குக் காரணம் தெரியாது. அதனால தனியா ஒரு “அனுப்பு” பட்டன் கட்டாயம்.

ரேடியோவை ஒரு தடவை தேர்ந்தெடுத்தா மறுபடி காலியாக்க முடியாது. அதனால “ரேட்டிங் வேண்டாம்”னு ஆறாவதா ஒரு ஆப்ஷன் வைங்க. அனுப்பின பிறகு “நன்றி, 4 ஸ்டார் பதிவாயிடுச்சு”ங்கிற வரியை, ஸ்டேட்டஸ் ரோல் கொடுத்த, ஏற்கெனவே பக்கத்துல இருக்குற ஒரு எலமெண்ட்டுக்குள்ள காட்டுங்க. ஸ்கிரீன் ரீடர் அதைத் தானாவே வாசிச்சிடும்.

உங்க ஃபார்ம் எந்த நிலைமையில இருக்குன்னு இப்பவே பார்க்கலாம். மவுஸை ஓரமா வெச்சிட்டு, டேப், ஏரோ, ஸ்பேஸ் மட்டும் வெச்சு ஒரு ரேட்டிங் கொடுத்துப் பாருங்க. அடுத்து என்விடிஏவை ஆன் பண்ணி, திரையை அணைச்சிட்டு அதையே செய்யுங்க. என்விடிஏ இலவசம்தான். நீங்க எங்க மாட்டிக்கிறீங்களோ, அங்கதான் ஒருத்தர் உங்க சைட்டை விட்டு வெளிய போறார். சராசரி 4.3னு நீங்க பெருமையா போடுற நம்பர்ல அவரோட மார்க் சேரவே இல்ல.