பேரு என்ன, ஊரு எது? லாமா கொட்டகையும் நம்ம ஆட்டுப்பட்டியும்

ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சா முதல் வாரத்திலேயே வரும் கேள்வி: 'கோமோ தே யாமாஸ்?' உன் பேர் என்ன என்று அர்த்தம். பெரியவர்களிடம் 'கோமோ சே யாமா?' என்று கேட்கணும். நம்ம நீ, நீங்க மாதிரிதான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாய்?' என்று வரும். 'மே யாமோ' என்று தொடங்கி, பேரைச் சொன்னால் பதில் முடிந்தது.

தென் அமெரிக்க விலங்கான லாமாவையும் ஸ்பானிஷில் 'யாமா' என்றே சொல்கிறார்கள். எழுத்துகூட ஒன்றுதான். ஆகவே 'கோமோ சே யாமா லா யாமா?' என்றால் 'லாமாவோட பேர் என்ன?'

இதை வைத்து ஒரு கதை உண்டு. முதலில் போன ஸ்பானியர்கள் அந்த விலங்கைக் காட்டி 'கோமோ சே யாமா?' என்று கேட்டார்களாம். அங்கிருந்தவர்கள் புரியாமல் 'யாமா' என்று திருப்பிச் சொன்னார்களாம். அதுவே பேராகிவிட்டதாம். கேட்க நல்லா இருக்கு, ஆனா உண்மை இல்லை. அழைப்பதைக் குறிக்கும் 'யாமார்' லத்தீனின் 'கிளாமாரே'யில் இருந்து வந்தது. விலங்கின் பேரோ ஆண்டீஸ் மலை மக்களின் கெச்சுவா மொழிச் சொல். ஸ்பானியர்கள் தங்கள் பங்குக்கு அதை 'இந்த மண்ணின் ஆடு' என்றே அழைத்து வந்தார்கள். திபெத் துறவியான லாமாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, இந்தப் பேர் ஆராய்ச்சி எதற்கு? பேர் சரியாகத் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் அந்த விலங்குக்கு எப்படிக் கொட்டகை போடணும் என்பதும் தெரியும். நம்ம பக்கம் பாருங்க: மேச்சேரி ஆடு, ஆலம்பாடி மாடு, பர்கூர் மாடு. எல்லாமே ஊர்ப் பேர்கள்தான். பேரிலேயே விலாசம் இருக்கு.

லாமாவின் விலாசம் ஆண்டீஸ். பெரும்பாலும் 3,500 மீட்டருக்கு மேல் உள்ள மேய்ச்சல் நிலம். பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி உறைபனி. அங்கே லாமாவுக்குக் கட்டுவது கூரையே இல்லாத கல் பட்டி. குளிரை அதன் உடம்பு ரோமம் பார்த்துக்கொள்ளும். நரி, பூமாவிடம் இருந்து காப்பாற்றத்தான் சுவர். சமவெளியில் வளர்ப்பவர்கள் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு என்று ஒரு கொட்டகை போடுகிறார்கள். மழையும் காற்றும் தாக்காமல் இருந்தால் போதும். லாமாக்கள் மந்தையாக ஒரே இடத்தில் சாணம் போடும் பழக்கம் உள்ளவை. அதனால் மண் தரையே போதும், சுத்தம் செய்வதும் சுலபம்.

பிரச்சினை வெப்பம்தான். லாமா வளர்ப்பவர்களிடம் ஒரு எளிய கணக்கு இருக்கு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தைக் கூட்டணும். 120க்குக் கீழே பயமில்லை, 180ஐத் தாண்டினால் ஆபத்து, நடுவில் இருந்தால் கவனமாக இருக்கணும். தருமபுரி சித்திரை வெயில் 38 டிகிரி செல்சியஸ் என்று வையுங்கள். அது ஏறக்குறைய 100 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 40 என்றால் கூட்டுத்தொகை 140. மழை பெய்து புழுங்கும் சாயங்காலம், 32 டிகிரி, அதாவது 90 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 80 என்றால் 170! உச்சி வெயிலைவிட அந்தப் புழுக்கம் மோசம். அப்போது முதுகில் தண்ணீர் ஊற்றினால் ரோமம் நனைந்து காற்றை அடைத்துவிடும். ரோமம் குறைவான வயிறு, தொடை இடுக்கு, கால்களைத்தான் நனைக்கணும்.

இப்போ நம்ம மேச்சேரி ஆட்டுக்கு வருவோம். இதற்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். வெயிலுக்கென்றே பழகிய உடம்பு. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978லிருந்து இதற்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நம்ம ஊரிலும் காலியான காட்டில் ராத்திரி பட்டி போடும் வழக்கம் உண்டு. அதற்கும் கூரை இல்லை. ஆடு அடைந்து கிடக்கும், நிலத்துக்கு எரு கிடைக்கும். ஆண்டீஸ் கல் பட்டிக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரி.

ஆனால் நிரந்தரக் கொட்டகை போடும்போது கணக்கு மாறுகிறது. ஆடு லாமா மாதிரி ஒரே இடத்தில் புழுக்கை போடாது. நின்ற இடமெல்லாம் போடும். அடைத்த கொட்டகையில் மூத்திர நெடி கண்ணை எரிக்கும், குட்டிகளுக்குச் சளி பிடிக்கும். இடுக்கு விட்ட பலகைத் தரையோடு பரண் அமைப்பது அதனால்தான். புழுக்கை கீழே விழுந்துவிடும், ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்பலாம்.

குளிர்நாட்டு வீடியோவைப் பார்த்து நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டகைகளை நம்ம பக்கம் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அங்கே பனிக்காற்றைத் தடுக்கும் அதே சுவர், இங்கே புழுக்கத்தைப் பூட்டி வைக்கிறது. கடன் வாங்கிக் கட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு கொட்டகைப் படம் பிடித்திருந்தால், முதலில் இரண்டு கேள்வி கேளுங்க: உள்ளே நிற்கும் விலங்கின் பேர் என்ன? அது எந்த ஊர்? செங்கல், தகரம் பற்றிய கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.